சங்கிலியில் இரண்டு கண்ணி

துப்பிய விதை மறுவாரம் முளைத்து நிற்கிற ஊரில், மண்ணே இல்லாமல், அறைக்குள் ஊதா விளக்கு போட்டு லெட்யூஸ் கீரை வளர்க்கிறவரை நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். எதிர்வீட்டு ஜெப்சி ஒருநாள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே கோயில் கொடைக்கு லைட் செட் போட்டிருக்கியளா?" என்று கேட்டாள். சுயம்புராஜ் சிரித்து வைத்தார். அன்று முழுக்க அவரிடம் யாராவது பேசியது அவ்வளவுதான்.

மனைவி பகவதி இறந்து ஒன்றரை வருஷம். மெல்போர்னில் இருக்கும் மகள் சுபிதா, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்தச் சாமான்களை வாங்கி அனுப்பியிருந்தாள். துளை போட்ட குழாய்கள், தண்ணீர் ஓட்ட ஒரு குட்டி மோட்டார், சங்கிலியில் தொங்கும் இரண்டு நீள விளக்குகள். தோஹாவில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவருக்கு விளக்கு மாட்டுவதா பெரிய காரியம்? அறை முழுக்க வெளிச்சம் விழட்டும் என்று ஃபேன் உயரத்துக்கு மாட்டினார். மனுஷனுக்கு விளக்கு போட்டே பழகிய கை. பத்தே நாளில் நாற்றெல்லாம் வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க நெடுநெடுவென்று வளர்ந்து, தலை நிற்காமல் சாய்ந்தன.

போட்டோ அனுப்பினார். உடனே ஃபோன் வந்தது. அதுவும் செவ்வாய்க்கிழமை! ஞாயிறுதோறும் மூன்று நிமிஷம், "சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா" என்பதோடு முடித்துக்கொள்கிற பிள்ளை அன்று இருபது நிமிஷம் பேசினாள். அவள் வேலை முடிந்து ரயிலில் வீட்டுக்குப் போகிற நேரம். இங்கே மத்தியானம் இரண்டு மணி.

"இலைக்கு மேல ஒரு சாண்தான் இருக்கணும்ப்பா. கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க, நாளைக்குப் பாப்போம்."

மறுநாளும் கூப்பிட்டாள். இரண்டு விளக்குக்கும் நடுவில் எவ்வளவு விடவேண்டும், ஓரத்துச் செடிக்கு வெளிச்சத்தை எப்படித் திருப்பவேண்டும் என்று தினமும் பேச்சு. அவருக்குச் சோறுகூட ருசித்தது.

செடி நிமிர்ந்தது. ஃபோனும் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது.

பதினோரு நாள் பொறுத்தார். பிறகு புது நாற்று வைத்து, ஸ்டூலில் ஏறி, சங்கிலியில் இரண்டு கண்ணி உயர்த்தி மாட்டினார். அறுபத்திரண்டு வயதில் செய்கிற வேலையா இது என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் நாற்று சாய்ந்தது, ஃபோன் வந்தது. "சங்கிலி வழுக்குது மக்கா" என்றார். அடுத்த தடவை பழியைக் கொக்கியின் மேல் போட்டார்.

மூன்றாவது தடவை வீடியோவில் வந்தவள், "சங்கிலியக் கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டினார். கொக்கி கண்ணிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"அப்பா, நீங்களாத்தான ஏத்தி வைக்கிய?"

அவர் ஃபோனைச் செடிப் பக்கம் திருப்பினார்.

"நம்ம கெணத்து மோட்டாருக்கு மாசம் ரெண்டு தடவ ஃபியூஸ் போவுமே, ஞாபகம் இருக்கா? நாந்தான் பிடுங்கிப் போடுவேன். மிஸ்டு கால் குடுத்தா நீங்க தோஹாவுலேருந்து கூப்பிட்டு, எந்த வயர் எங்க போவுதுன்னு அரைமணிக்கூர் எங்கிட்டப் பேசுவிய. மத்த நாளு, 'படிக்கியா? அம்மாட்ட குடு.' அவ்வளவுதான்."

சுயம்புராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஃபியூஸுக்காகப் பகவதியை எத்தனை தடவை ஏசியிருக்கிறார்!

"பெறவு ஒரு லீவுக்கு வந்து வயரிங்க மொத்தமா மாத்திட்டுப் போயிட்டிய. மோட்டார் நிக்கவே இல்ல. உங்களக் கூப்பிட எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சுப்பா."

ரயிலில் ஏதோ அறிவிப்பு கேட்டது. அவள் இறங்க எழுந்தாள்.

"மக்கா, நாளைக்குக் கூப்பிடுவியா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத கேள்வி.

"பாக்கேன்ப்பா."

மண்டைக்காட்டு அம்மன் கொடைக்கு வருவீர்களா என்று வருஷா வருஷம் அந்தப் பிள்ளை ஃபோனில் கேட்கும்போது, தோஹாவிலிருந்து அவர் சொன்ன பதில் அது. இருபத்தாறு கொடையில் இரண்டுக்குத்தான் வந்திருக்கிறார்.

விளக்கை ஒரு சாணுக்கு இறக்கி, மறுபடி கை போகாதபடி கம்பி முறுக்கிக் கட்டினார். மறுநாள் ஒன்றரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, ஃபோனும் கையுமாகச் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.