துப்பட்டா கட்டிய செடி

குடுமியான்மலைப் பாறை இடுக்கில் மஞ்சள் மொட்டோடு ஒரு செடி. சூரியகாந்திக்குச் சொந்தக்காரி, அதுவரைதான் எனக்குத் தெரியும். பூவைப் பிரித்து உள்ளே பார்த்தால்தான் சரியான பேர் சொல்ல முடியும். பேர் சொன்னால்தான் என் எம்.எஸ்சி. ஆய்வேடு முடியும். இதே வகையில் முன்பு கண்டுபிடித்த செடிகளை எல்லாம், மலையில் மேய்க்கும் காத்தாயி அத்தையின் ஆடுகள் ருசி பார்த்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

எரிச்சலில் சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டேன். யாராவது பார்த்தால் ஒதுங்கிப் போகட்டும் என்று என் கிழிந்த மஞ்சள் துப்பட்டாவையும் செடியைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

காய்ச்சலில் நாலு நாள் படுத்து எழுந்து போனால், பூ விரிந்து சிரிக்கிறது. துப்பட்டாவில் குங்குமம். முன்னால் சூடம் எரிந்த கறுப்பு, உடைத்த தேங்காய் மூடி. பக்கத்தில் காவலுக்குக் காத்தாயி அத்தை.

கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஏத்தா இசைவாணி! சாமி செடியில கைய வெக்காத!"

"சாமியா? அது என் துப்பட்டா அத்தே!"

"யார் கட்டுனா என்ன? கும்புட்ட அன்னைக்கே காணாமப் போன கெடா தானா வீட்டுக்கு வந்துருச்சு. வேணும்னா போட்டோ எடுத்துக்கிட்டுப் போ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்குக் காலேஜ்ல பூவையே குடுக்கணும் அத்தே. இல்லேன்னா ரெண்டு வருசப் படிப்பும் போச்சு."

அத்தை என் முகத்தையே பார்த்தாள். "சரி, அழுவாத. பூக்கட்டிப் பாப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா பேசாம எறங்கிப் போயிரணும்."

அடிவாரத்துக்கு இறங்கிப் போய், அரளிப் பூவை இரண்டு இலைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துவந்து செடிக்கு முன்னால் வைத்தாள். அறிவியல் படித்த நான் கண்ணை மூடி வேண்டாத சாமி இல்லை. ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளை!

"பாத்தியா? சாமியே சொல்லிருச்சு. எடுத்துக்க" என்று அத்தை ஆடுகளை அதட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.

பூவோடு ஒரு கிளையை மட்டும் வெட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. கிளம்பும்போதுதான் அந்த இன்னொரு பொட்டலம் கண்ணில் பட்டது. பிரித்தேன்.

அதிலும் வெள்ளைதான்.

"அத்தே!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் பிரிச்சுப் பாக்கக் கூடாது ஆத்தா!"