என் கட்டைவிரல் மறைத்த வரி

எங்கள் தெரு நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வருகிறவர்களை விட, நூலகர் எழுதும் சீட்டுகளைப் படிக்க வருகிறவர்கள்தான் அதிகம். நான் இரண்டுக்கும் வருவதில்லை. யார் வருகிறார்கள் என்று பார்க்க வருகிறேன். வீடு எதிரிலேயே இருக்கிறது, கால் தானாகப் போய்விடுகிறது.

நூலகருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் சீட்டம்மா. காலையில் நாளிதழ்களைச் சாய்வுமேசையில் விரித்ததும், பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன' என்ற செய்தியின் ஓரத்தில், 'வட்டாரங்களுக்கு வீட்டில் பெயர் வைக்கவில்லையா?' என்றொரு சீட்டு. இனி எல்லா வேலையையும் கணினியே செய்துவிடும் என்ற கட்டுரையில், 'வரட்டும். முதலில் மூன்றாம் அலமாரியைத் தூசி தட்டட்டும்.' சாயங்காலம் சீட்டுகளையெல்லாம் உரித்து, தேதிவாரியாக அட்டவணைப் பெட்டியின் இழுப்பறையில் அடுக்கிவிடுவாள். குப்பையைக்கூட அகரவரிசையில் போடுகிற ஜென்மம்.

ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஒரு புண்ணியம் செய்தேன்.

எங்கள் வார்டு கவுன்சிலர் குடிநீர்த் தொட்டி திறக்கிற படம் பத்திரிகையில் வந்திருந்தது. சீட்டம்மா ஒட்டியிருந்தாள்: 'அதே தொட்டி, அதே சட்டை, அதே கத்தரிக்கோல். போன வருடமே திறந்தாரே?' சிரிப்பு வந்துவிட்டது. கைபேசியில் படம் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். நாத்தனார் அவள் அலுவலகத்துக்கு அனுப்ப, மத்தியானத்துக்குள் ஊரே சிரித்தது. கவுன்சிலர் மட்டும் சிரிக்கவில்லை. நூலகத் தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனது.

மறுநாளே சீட்டம்மா இன்னொரு சீட்டு ஒட்டினாள்: 'பழைய நாளிதழ்த் தொகுதியைப் பார்த்தேன். பத்திரிகை போன வருடப் படத்தைப் போட்டிருக்கிறது. இந்த வருடத் தொட்டி வேறு தெருவில். நேரில் போய்க் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வருகிறது. கவுன்சிலர் மேல் தப்பில்லை.' அதை யாரும் எங்கும் அனுப்பவில்லை. நானும்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து தற்செயலாக.

"என்னம்மா இது? அரசு வேலையில இருந்துகிட்டு, சரிபார்க்காம ஒருத்தரை இப்படிக் கிண்டல் பண்ணலாமா?" என்று படத்தின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்தார்.

சீட்டம்மா இழுப்பறையைத் திறந்து, அந்தத் தேதியின் சீட்டையும் மறுநாள் சீட்டையும் எடுத்து நீட்டினாள். முதல் சீட்டின் அடியில் இன்னொரு வரி இருந்தது: 'இன்னும் சரிபார்க்கவில்லை. பைண்டிங்குக்குப் போன நாளிதழ்த் தொகுதி வந்ததும் பார்க்க வேண்டும்.'

அதிகாரி சீட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல இந்த வரி இல்லையே?"

"விரல் மறைச்சிருக்கு சார்."

"யார் விரல்?"

படத்தின் அடியில் ஒரு கட்டைவிரல். அதில் நீலநிற பிளாஸ்திரி. முட்டைக்கோஸ் நறுக்கும்போது வெட்டிக்கொண்டது. இன்னும் ஆறவில்லை. கையைச் சட்டென்று வார இதழுக்கு அடியில் செருகிக்கொண்டேன். சீட்டம்மா ஒரே ஒரு தரம் என் பக்கம் பார்த்தாள். ஒரு வாரமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையாலேயே பக்கம் புரட்டியிருக்கிறேனே!

"தினம் நிறைய பேர் வர்றாங்க சார். யாருன்னு சொல்ல முடியாது," என்றாள்.

"அப்போ, நீங்க இப்ப எழுதிச் சேர்த்த வரி இல்லைன்னு எப்படி நம்புறது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஊர் வம்பே என் வாயில் தங்காது, இது மட்டும் தங்குமா? எழுந்து போய்ப் படத்துக்குப் பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்தேன்.

"நான்தான் சார் எங்க குடும்பக் குழுவுல போட்டேன். வரி இருந்துச்சு, நானே படிச்சேன். அது ஜோக்கைக் கெடுக்குமேன்னு... விரல் தானா போகல, நான்தான் வச்சேன்."

"ஏன்க்கா?" என்றாள் சீட்டம்மா. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, அந்த ரெண்டாவது சீட்டையும் அதே குழுவுல போடுங்க. இப்பவே, என் முன்னாடி."

படம் எடுத்துப் போட்டேன். அவர் அறிக்கையில் ஏதோ எழுதினார். போவார் என்று பார்த்தால், "மத்த சீட்டெல்லாம் பார்க்கலாமா?" என்று இழுப்பறையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வட்டாரங்கள் சீட்டு வந்தபோது அவர் மூக்கிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழுந்தார். "நல்லா இருக்கு. ஆனா சரிபார்த்த பிறகு ஒட்டுங்கம்மா," என்றார்.

நிரந்தர உத்தரவு ஒரு மாதம் தள்ளி வந்தது. வந்தது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது சீட்டுக்கு எங்கள் குழுவில் வந்த ஒரே பதில் நாத்தனாருடையது: "அண்ணி, இதுல ஜோக் எங்க இருக்கு?"

சீட்டம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, பென்சிலையும் ஒரு வெற்றுச் சீட்டையும் என் பக்கம் தள்ளினாள். "பதிலை நீங்களே எழுதுங்கக்கா. சரிபார்த்துட்டு அனுப்புங்க."