பன்னிரண்டாவது கேள்வி

குமரகுருபரன் பதினோராவது கேள்வியை எழுதி முடித்து, பேனாவை மூடி, இன்லண்ட் லெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தாலுகா ஆபீஸில் பத்தொன்பது வருஷமாகத் தபால் பிரிவு. அவர் எழுதிய கடிதத்துக்கு விளக்கம் கேட்டு மறு கடிதம் வந்ததே இல்லை என்று ஆபீஸிலும் பேச்சு, வீட்டிலும் பேச்சு. வீட்டில் அதைப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

ஒரே மாதிரி இரண்டு கடிதங்கள். ஒன்று திருவனந்தபுரத்துக்கு, மற்றது ஈரோட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளைப் பள்ளிக்கு. இரண்டு இடத்திலும் மே மாதம் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் முகாம். எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகள் பிருந்தாவை இரண்டில் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ஜூன் கடைசியில் மதுரையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தரையில் செய்கிற எதிலும் பிருந்தாவுக்குக் குறையில்லை. அன்ஈவன் பார்ஸ்தான் சிக்கல். உயரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று என்று இரண்டு கம்பிகள். ஒன்றில் சுழன்று, கையை விட்டு, மற்றதைத் தாவிப் பிடிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் அவள் படித்த பள்ளியில் ஜெபகனி டீச்சர் பயிற்சி கொடுத்த கம்பிகள் பட்டறையில் அடித்து சிமெண்டில் ஊன்றியவை. அசைக்க முடியாது. பிருந்தாவோ ஒரே வருஷத்தில் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள். மேல்கம்பியில் தொங்கி ஆடினால் கால் கீழ்க்கம்பியில் போய் இடித்தது. அதனால் காலை மடக்கி, உடம்பைக் குறுக்கி ஆடப் பழகியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே எப்போதும் கன்றிப்போய் நீலமாக ஒரு தழும்பு. உள்ளங்கை இரண்டிலும் காய்ப்பு. காய்ப்பு பிய்ந்த இடத்தில் சிவப்பு. சாயங்காலம் அவள் வந்ததும் குமரகுருபரன் அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். பெண்பிள்ளை கையா இது என்று தினமும் ஒருதரம் சொல்லாவிட்டால் அவருக்கு எண்ணெய் இறங்கின மாதிரி இருக்காது.

"என்னெல்லாம் கேட்டிருக்கிய?" என்று மனைவி அன்னத்தாய் அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

அவர் சத்தமாகப் படித்தார். சைவத்துக்குத் தனி அடுக்களை உண்டா? அடுப்பு ஒன்றானாலும் கரண்டி தனியா? முட்டை அவித்த பாத்திரத்தில் பால் காய்ச்சுவார்களா? பரிமாறுகிறவர் கை கழுவிவிட்டு வருவாரா? இப்படியே பதினொன்று. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட வாசல் தாண்டி வராது. அன்னத்தாய்க்குத் திருப்தி.

பிருந்தா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, ரெண்டு கம்பிக்கும் நடுவுல இடைவெளிய அகட்ட முடியுமான்னும் கேளுங்கப்பா. ஜெபகனி டீச்சர் அதத்தான் மொதல்ல கேக்கச் சொன்னாவ."

"ஜிம்னாஸ்டிக் முகாம்னா கம்பி இல்லாமலா இருக்கும்? ஓட்டலுக்குக் கடுதாசி போட்டு, இட்லி உண்டுமான்னு கேக்க மாதிரிலா இருக்கு."

"கம்பி இருக்கும்ப்பா. அகட்ட முடியுமான்னுதான்..."

"எழுத எடமும் இல்லட்டி" என்று சொல்லி, ஒட்டுகிற ஓரத்தை நாக்கில் தடவி மூடிவிட்டார். இடம் இருந்தது. அனுப்புநர் முகவரிக்கு மேலே இரண்டு விரற்கடை வெள்ளையாக இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

பத்து நாளில் பதில்கள் வந்தன. திருவனந்தபுரத்துக்காரர்கள் ஆங்கிலத்தில் டைப் அடித்து அரைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். கேட்காமலே, இரண்டு ஜோடிக் கம்பிகள் இருப்பதாகவும், ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. சைவப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனியாக வைப்போம், அடுக்களை ஒன்றுதான். 'அடுக்களை ஒன்றுதான்' என்ற இடத்தில் குமரகுருபரன் கடிதத்தை மடித்தார். மீன் வறுக்கிற புகையில் தன் மகள் தட்டோடு நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஈரோட்டுப் பதில் இரண்டு பக்கம். பதினொரு கேள்விக்கும் எண் போட்டுப் பதில். சுத்த சைவம், பசும்பால், அமாவாசைக்கு வாழையிலை. எப்பேர்ப்பட்ட நிர்வாகம் என்று அவர் வியந்துபோனார். கம்பியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டால்தானே எழுதுவார்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போனபோது ஜெபகனி டீச்சர் காகிதத்தைக் கையில் வாங்காமலே பேசினார்.

"சார், திருவனந்தபுரத்துல நானே பயிற்சி எடுத்திருக்கேன். இந்த எடம் எப்படின்னு எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு இந்த ஒரு மாசந்தான் இருக்கு."

"நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடக் கூடாது டீச்சர். எங்க வீட்ல முட்ட வாடையே தெரியாது."

"ஒரு மாசம் தயிருஞ் சோறும் ஊறுகாயும்னு இருந்துக்கிடுவா சார். அவளக் கேட்டுப் பாருங்க."

அவளை எதற்குக் கேட்க வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. சிரித்து வைத்தார். டீச்சர் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையை வழக்கத்தைவிட அழுத்திக் குத்திக் கொடுத்தார்.

ஈரோட்டில் மகளை விட்டுவிட்டு வரும்போது, விலாசம் எழுதிய எட்டு போஸ்ட் கார்டுகளை அவள் பெட்டியில் வைத்தார். "என்ன சாப்பாடுன்னு தவறாம எழுதணும் என்னா" என்றார். அவளும் தவறவில்லை. சேனை வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, ஞாயிற்றுக்கிழமை பால்பாயசம். ஒவ்வொரு கார்டையும் அவர் ஆபீஸில் வாசித்துக் காட்டினார். டெஸ்பாட்சில் இருந்த அப்பாத்துரை, "அண்ணாச்சி, நம்மளையும் அங்கன சேத்து விடுங்க, நாலு குட்டிக்கரணம் அடிச்சுட்டுச் சாப்பிட்டுட்டு வாரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குமரகுருபரன்தான் அதிகம் சிரித்தார். மூன்றாவது கார்டில் மட்டும் கடைசி வரியை மையால் பட்டையாக அடித்திருந்தாள். பிழை திருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

மே முப்பதாம் தேதி காலையில் பிருந்தா ஜங்ஷன் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. பெட்டியை வாங்கும்போது அவள் கை அவர் கையில் பட்டது. விரித்துப் பார்த்தார். காய்ப்பு இல்லை, சிவப்பு இல்லை. அவள் ஆறு வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்க வந்தபோது இருந்த அதே கை.

"நல்ல சாப்பாடு உள்ள போனா கையும் ஆறிட்டே" என்று அன்னத்தாயிடம் பெருமையாகச் சொன்னார். பிருந்தா குளிக்கப் போய்விட்டாள்.

அந்தப் பெருமையோடுதான் பள்ளி திறந்த அன்று மகளோடு தானும் போனார். ஜெபகனி டீச்சர் பிருந்தாவின் கையைப் பிடித்துத் திருப்பினார். பெருவிரலால் உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"கம்பியில ஏறவே இல்லையாளா?"

பிருந்தா தலை குனிந்தபடியே சொன்னாள். அங்கே கம்பி இருந்தது. புதுசு. ஆனால் தரையில் கொக்கி பதித்து இழுத்துக் கட்ட வேண்டும், கொக்கி வரவில்லை. இருபத்தெட்டு நாளும் அது மூலையில் சாய்த்து வைத்தபடியே இருந்தது. தரைப் பயிற்சியும் யோகாவும்தான் நடந்தது.

"எனக்கு ஏம்மா ஒரு வரி எழுதல?" என்று கேட்டார் குமரகுருபரன்.

"எழுதுனேம்ப்பா. பெறவு அடிச்சிட்டேன். நீங்க ஆபீஸ்ல எல்லார்ட்டயும் படிச்சுக் காட்டுவியள்லா."

டீச்சர் பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு கம்பிப் பக்கம் போனார். வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது கார்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மைக்கு அடியில் எழுத்து தெரிந்தது. 'கம்பி இன்னும் மாட்டவில்லை. ஜெபகனி டீச்சரிடம் சொல்லுங்கள்.' மே பத்தாம் தேதி முத்திரை. கார்டு கைக்கு வந்த அன்றைக்கே கிளம்பியிருந்தால் இரண்டே நாளில் திருவனந்தபுரத்தில் சேர்த்திருக்கலாம். அன்றைக்கு அவர் ஆபீஸில் பால்பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மீதி இருந்த மூன்று வாரமும் பிருந்தா பழைய கம்பியிலேயே, காலை மடக்கிக்கொண்டு ஆடினாள். பிஞ்சுத் தோல் இரண்டே நாளில் பிய்ந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். மதுரையில் அவள் முறை வந்தபோது ஒருவர் வந்து அவள் உயரத்தைப் பார்த்து, திருகை முறுக்கிக் கம்பிகளை அகட்டி வைத்தார். குமரகுருபரன் அதைப் பார்த்தார். அரை நிமிஷ வேலை. பிருந்தா கீழ்க்கம்பியில் அழகாகச் சுழன்றாள். கையை விட்டாள். மேல்கம்பி அவள் உடம்புக்குத் தெரிந்த இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி இருந்தது. விரல் நுனிகள் தொட்டன, அவ்வளவுதான். விழுந்தாள். எழுந்து, கையில் சுண்ணப்பொடி பூசிக்கொண்டு மறுபடியும் ஏறினாள். மறுபடியும் அதே ஒரு சாண்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாள். கோவில்பட்டியில் வண்டி நின்றபோது, "ஏதும் சாப்பிடுதியாம்மா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையசைத்தாள். தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் கம்பிக்குப் போவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒன்பதாம் வகுப்பு, டியூஷன், கணக்கு என்று ஏதாவது இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணம் அலமாரியில் தூசியேறிக் கிடந்தது.

மறு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரகுருபரன் தபாலாபீஸில் வாங்கி வைத்திருந்த இன்லண்ட் லெட்டரை விரித்தார். திருவனந்தபுரத்து விலாசத்தை எழுதினார். முதல் கேள்வி என்று போட்டு, 'கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தை' என்பது வரைக்கும் எழுதி நிறுத்தினார். சாப்பாட்டைப் பற்றி இந்தமுறை ஒரு வரியும் எழுதுவதாக இல்லை.

பிருந்தா அம்மாவோடு தரையில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்தக் கம்பிக்கு நடுவுல எவ்வளவு வேணும் உனக்கு? அளவு சொல்லு, எழுதிருதேன்."

அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் உள்ளங்கை எதிரெதிராக இருக்கும்படி காற்றில் நிறுத்திக் காட்டினாள். அளவு சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, கொஞ்சம் அகட்டினாள். அப்புறம் குறுக்கினாள். மறுபடியும் அகட்டினாள்.

"நெனப்பு வர மாட்டேங்குப்பா" என்றாள்.

குமரகுருபரன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கேயாவது ஓரிடத்தில் நிற்கும் என்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.