மனு எடுக்கப்படாத நாள்

1

இந்தக் கதை ஒரு கடையில் கிடைத்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் எசன் நகரில் கோபாலன் என்பவருடைய பலசரக்குக் கடை. அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஒரு தொலைக்காட்சி, அதில் ஒரு சின்னத் தீவின் நாடாளுமன்றம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அலுவலகம் போகிறவர்போலக் கழுத்துப்பட்டி கட்டிய வயதான மனிதர் ஒருவர் மட்டும் முருங்கைக்காய்க் கட்டைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போனபிறகு கோபாலனிடம் கேட்டேன்.

"அவர் தன்ர மனு வருமெண்டு பாக்கிறார். எப்ப வந்தாலும் உதே கதைதான். உங்களுக்குப் பை வேணுமோ?"

எனக்குக் கிடைத்தது அவ்வளவே. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. மனிதருக்கு ஜேசுரட்ணம் என்று பெயர் வைத்தேன், மனைவிக்குக் கொறற்றி என்று. தீவின் பெயரை எழுதப் போவதில்லை. நீங்கள் ஊகித்தால் அது உங்கள் பாடு.

2

முதலில் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுமலருக்கு "சனம் சிரிக்கிற மாதிரி ஏதாவது" கேட்டிருந்தார்கள். தொடங்கியது இப்படி:

அந்தத் தீவின் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைவிட மின்விசிறிகள் அதிகம். சபாநாயகர் கண்ணயர்ந்தால் செங்கோல்தான் சபையை நடத்தும். அன்றைக்கு விவாதத்துக்கு வந்தது தேங்காய்

தேங்காயோடு நின்றுவிட்டது. அடுத்தது:

மாண்புமிகு உறுப்பினர் எழுந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். அதற்கு அமைச்சர் பதிலளிக்கையில்

இதுவும் சரிவரவில்லை. சரி, உண்மையான சங்கதியைப் பார்ப்போம் என்று வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஒரு வாரம் அந்தச் சபையின் நேரலையைப் பார்த்தேன். எனக்குப் பொதி பிரிக்கும் கிடங்கில் வேலை. அங்கேயும் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர் வாங்கி வைப்பார். சபையிலும் அதுதான் நடந்தது. கைகலப்பு நடந்தால் அது நம் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிடும். கைகலப்பு இல்லாத நாட்களை யார் பார்க்கிறார்கள்? போன வருடத்துக்கு முந்திய வருட அறிக்கையை ஒருவர் சமர்ப்பிப்பார். அச்சிடக் கட்டளையிடப்படும். கேள்விக்குப் பதில் சொல்ல அமைச்சர் காலஅவகாசம் கேட்பார். கொடுக்கப்படும். எனக்குக் கொட்டாவி வந்தது, பிறகு ஒருவிதமான சோர்வு வந்தது, அந்தச் சோர்வு வேலையிடம் வரைக்கும் கூடவே வந்தது.

நடுவில் ஓரிடத்தில் மனுக்கள் சமர்ப்பிக்கும் நேரம் வரும். இன்ன விலாசத்தில் வசிக்கும் இன்னாரிடமிருந்து கிடைத்த மனு என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொல்வார். மனுவில் என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டார். மனு ஒரு குழுவுக்குப் போகும். அடுத்த பெயர். சமர்ப்பிக்க வேண்டிய உறுப்பினர் வராவிட்டால் அந்த மனு தாண்டப்படும்.*

\* ஜேசுரட்ணத்தின் மனு பலமுறை தாண்டப்பட்டது. அவர்களுடைய மாவட்டத்து உறுப்பினருக்கு அந்த நேரத்தில் எப்போதும் வேறு அலுவல்.

3

மனுவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

ஜேசுரட்ணத்துக்கும் கொறற்றிக்கும் மூத்த பிள்ளை ஒன்று இருந்தது. மரியசீலன். இரண்டு வயது நிரம்புமுன் காய்ச்சலில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. கோவிலுக்குப் பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். பிறகு ஊரே எழும்பி ஓடியது, இவர்கள் ஓடி ஓடி எசன் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். சேமக்காலையைச் சுற்றி வேலி விழுந்தது. வேலி போட்டவர்கள் யார் என்று எழுதவில்லை. வேலிக்கு ஒரு படலை இருக்கிறது, அது திறப்பதில்லை, கதைக்கு அது போதும்.

கல்லறைத் திருநாளன்று எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஊரில் இருக்கிற கொறற்றியின் தங்கை புஸ்பவதி, வருடாவருடம் வேலிக்கு வெளியே நின்று தெருவோரத்தில் கொளுத்திவிட்டு வருகிறாள். அந்த ஒரு நாளாவது படலையைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் மனு. பக்கத்து ஊரிலிருந்து போன இப்படி ஒரு மனு சபையில் எடுக்கப்பட்டதும், அங்கிருந்த பங்குச் சுவாமி "விசயம் பார்லிமெண்டுக்குப் போயிட்டுது" என்று வேலிக்காரரிடம் போய்ச் சொல்ல, ஒரு மணித்தியாலம் திறந்துவிட்டார்களாம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் ஜேசுரட்ணம் சபை கூடும் நாட்களில் விடிய எழும்பி, முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, செங்கோல் உள்ளே வரும்போது தன் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சி முன் எழுந்து நிற்பார்.

கொறற்றி ஒருநாளும் பார்த்ததில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, விடியக் கிளம்ப வேண்டும். அதுவல்ல காரணம்.

4

இந்த இடத்தில் எனக்கு ஜேசுரட்ணம் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கழுத்துப்பட்டியோடு தொலைக்காட்சிக்கு எழுந்து நிற்கிற ஆளை வாசகர் நம்புவாரா? பைத்தியக்காரர் என்று நினைத்துவிட்டால்? கழுத்துப்பட்டியை அவிழ்த்து எழுதிப் பார்த்தேன். மனிதர் வெறும் கிழவராகிவிட்டார்.

சரி, மனைவி என்ன நினைக்கிறார் என்று கேட்போமென்று கொறற்றியைக் கூப்பிட்டேன். (எழுதுகிறவன் பாத்திரத்தைக் கூப்பிடலாம். பாத்திரம் வரவேண்டும் என்று சட்டமில்லை.) கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, அந்த மனிசனை வைச்சுச் சிரிப்புக்கு எழுதப் போறீரோ?"

"இல்லை அக்கா. அதை விட்டிட்டன்."

"எனக்கும் அலுப்புத்தான். விடிஞ்சா அந்தச் சபை மணிச் சத்தம். பேசியிருக்கிறன், வயரைக்கூடக் கழட்டி ஒளிச்சனான். ஆனா அவருக்குச் செய்யிறதுக்கு வேற என்ன கிடக்கு, சொல்லும் பாப்பம்."

"நீங்கள் ஏன் பாக்கிறேல்ல?"

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம். என் கதைக்குள் இருந்துகொண்டு எனக்கே பதில் சொல்லாமல் போவதா? பிறகுதான் ஒன்று தெரிந்தது. அவர்கள் இருவரும் "பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் மரியசீலன் என்ற பெயரை யாரும் வாயால் சொல்லி எத்தனையோ வருடம். எங்கே அந்தச் சபையில் யாரோ ஒரு ஆள் வாய்தவறியாவது அந்தப் பெயரைச் சொல்லிவிடுவானோ என்று கொறற்றிக்குப் பயம். சொல்லாமல் விட்டுவிடுவானோ என்றும் பயம்.

5

ஒக்டோபர் கடைசியில் ஜேசுரட்ணத்தின் இருதயம் மக்கர் பண்ணியது. இங்கே கிராங்கன்ஹவுஸ் என்கிற ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள், வால்வு மாற்ற வேண்டுமாம். சத்திரசிகிச்சைக்குக் குறித்துக் கொடுத்த டெர்மின் வியாழன் காலை. புதன்கிழமை சபை கூடுகிறது. கல்லறைத் திருநாளுக்கு முன் அதுதான் கடைசி அமர்வு. இந்தமுறை உறுப்பினர் கட்டாயம் வருகிறாராம், ஊர்ச் சுவாமி உறுதியாகச் சொல்லியிருந்தார்.

"வோர்டில இண்டர்நெட் இழுக்காது," என்றார் ஜேசுரட்ணம். "நீர் ஒருக்காப் பாத்துவந்து சொல்லும், கொறற்றி."

புதன் விடிய கொறற்றி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, லைப்சிக்கில் இருக்கும் மகள் யூலியா அனுப்பிய இணைப்பை அமத்தி, கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார். அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது, கிராங்கன்ஹவுஸ் சாப்பாட்டுப் பாணை மனுசன் தொடமாட்டார். மணி அடித்தது. செங்கோல் வந்தது. இத்தனை காலம் இதற்கா எழும்பி நின்றார் என்று கொறற்றிக்கு எரிச்சல் வந்தது.

சபாநாயகர் ஓர் அறிவிப்பு வாசித்தார். சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் முந்தியநாள் மாலை காலமாகிவிட்டார். ஆகவே இன்றைய அலுவல்கள் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டு அனுதாபப் பிரேரணை மட்டும் எடுக்கப்படும். மனுக்கள் அடுத்த அமர்வில்.

அடுத்த அமர்வு திருநாள் முடிந்த பிறகு.

கொறற்றி கைப்பேசியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழும்பிக் காலமானவரைப் பற்றிப் பேசினார்கள். நல்ல மனிதர். எதிர்க்கட்சிக்காரருக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பவர். ஜேசுரட்ணத்தின் மாவட்டத்து உறுப்பினரும் இருந்தார். வராத மனிதர் அன்றைக்குப் பார்த்து வந்து, நன்றாகவே பேசினார். பிட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, சபை முழுவதும் எழுந்து நின்றது. அமைச்சர்கள், செங்கோலுக்குக் காவல் நிற்பவர், எழுதுபவர்கள், எல்லோரும். மௌன அஞ்சலி.

கொறற்றியும் நின்றார். கையில் மா ஒட்டியிருந்தது.

"மரியசீலன்," என்றார், கைப்பேசியைப் பார்த்து. இன்னொருமுறை சொன்னார். சபை உட்காரும் வரைக்கும் உட்காரவில்லை.

6

இனி அவர் கிராங்கன்ஹவுஸுக்குப் போய் என்ன சொல்வது? மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: உள்ளதைச் சொல்கிறார். மனு எடுபடவில்லை. ஜேசுரட்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். காலையில் அந்த மனதோடு அவரைத் தள்ளிக்கொண்டு போவார்கள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டாம் முடிவு: மனு எடுபட்டது என்று பொய் சொல்கிறார். உடனே ஜேசுரட்ணம் சுவாமிக்குப் போன் அடிப்பார், சுவாமி படலையடிக்குப் போவார், பின்னாலே புஸ்பவதி மெழுகுதிரியோடு போவாள், எடுபடாத மனுவுக்கு யார் படலை திறப்பது? இருக்கிற தெருவோரமும் இல்லையென்று துரத்திவிட்டாலோ?

மூன்றாம் முடிவு: சபை கலையுமுன் அந்த உறுப்பினர் திடீரென்று எழுந்து, சபாநாயகர் அவர்களே, ஒரேயொரு நிமிடம், எங்கள் மாவட்டத்தில் ஒரு சிறு பிள்ளை

(இது கதைகளில் மட்டும் நடக்கும். விட்டுவிட்டேன்.)

நான் மூன்றையும் வைத்துக்கொண்டு முழிக்கையில் கொறற்றி பிட்டுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டிராமில் ஏறிவிட்டார். வழியில் புஸ்பவதியின் குரல் செய்தி வந்தது.

"அக்கா, என்ன மாதிரி? திரியை உள்ளுக்கோ கொளுத்திறது, வெளியிலயோ? சுவாமி அத்தான்ர போன் வருமெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறார்."

கொறற்றி கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

வோர்டில் ஜேசுரட்ணம் முகம் வழித்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி கட்ட ஏலாது, அதனால் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்.

"என்னவாம்?" என்றார்.

கொறற்றி கதிரையை இழுத்துப் போட்டார். "எல்லாரும் எழும்பி நிண்டவை."

"எல்லாருமோ?"

"ஓம். ஒருத்தரும் இருக்கேல்ல. அமைச்சர்மாரும் நிண்டவை."

ஜேசுரட்ணம் கொறற்றியின் முகத்தையே பார்த்தார். "பேர்?"

"சொன்னது."

"பிள்ளையின்ர பேரோ?"

"மரியசீலன் எண்டு. ரெண்டு தரம்."

ஜேசுரட்ணத்தின் கண் நிறைந்தது. அந்தப் பெயரைக் கொறற்றியின் வாயால் கேட்டதே அவருக்குப் பெரிய விசயம். அவர் கையை நீட்டினார், கொறற்றி பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் இன்னும் பிட்டுமா இருந்தது.

இதுவரைக்கும் கொறற்றி ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஒன்றை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம், அவரும் நானும். ஜேசுரட்ணம் அந்தச் சபையை வருடக்கணக்காகப் பார்த்தவர். மனுவுக்கு அங்கே ஒருவரும் எழும்புவதில்லை என்பதும், மனுவுக்குள் இருக்கிற பெயரை யாரும் வாசிப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியாததா?

அவர் கையை விடாமலே மெல்லக் கேட்டார்.

"ஆர் சொன்னது, கொறற்றி?"

7

இதற்கு மேல் எனக்கு ஏலாது. நான் கொறற்றியைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்.

சபையில் போதிய ஆட்கள் இல்லையென்று யாராவது சுட்டிக்காட்டினால் மணி அடிப்பார்கள். தேநீர்ச்சாலையில் இருப்பவர்கள், நடைபாதையில் நின்று பேசுபவர்கள் எல்லோரும் உள்ளே வரவேண்டும். வராவிட்டால் சபை கலைந்துவிடும், அன்றைய அலுவல் அப்படியே கிடக்கும். அதுவும் அங்கே அடிக்கடி நடப்பதுதான்.

இப்போது நான் மணி அடிக்கிறேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு கதிரை, ஆறிப்போகிற பிட்டு. சனம் காணாது. வந்து உட்காருங்கள். "நான்தான்" என்று கொறற்றி சொல்லட்டுமா, இல்லை அங்கே சபையில் எழுந்து நின்ற யாராவது ஒருவரைச் சொல்லட்டுமா? ஊரில் புஸ்பவதி மெழுகுதிரியை வாங்கி வைத்துவிட்டு, உள்ளுக்கோ வெளியிலயோ என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

விடிந்தால் ஜேசுரட்ணத்தைக் கூட்டிப்போக வந்துவிடுவார்கள். அதற்குள் கொறற்றியின் காதில் ஒரு பதிலைச் சொல்லிவிடுங்கள். அவருடைய கையை ஜேசுரட்ணம் இன்னும் விடவில்லை.