பீப்பாயின் அடியில்

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அண்ணன், அண்ணி, தங்கை என்று மூன்று பேரும் சோப்பு செய்து பிழைத்தார்கள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பது அண்ணியின் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கம்பை நிறுத்தாமல் கலக்குவாள். கரையக் கரைய, நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு வரும்.

"உங்க கையிலயே அடுப்பு வச்சிருக்கீங்க அண்ணி" என்று தங்கை கிண்டல் செய்வாள்.

அன்று அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று அண்ணன் சோடா மூட்டையை மொத்தமாகத் தண்ணீர்ப் பீப்பாயில் கவிழ்த்தான். நாலு சுற்று கலக்குவதற்குள் வாசலில் எண்ணெய் வண்டி வந்து நின்றது. கம்பை விட்டுவிட்டு ஓடினான்.

தங்கை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பீப்பாயைத் தொட்டால் லேசான வெதுவெதுப்புதான்.

"அண்ணே, கரைஞ்சிடுச்சா?"

"அதெல்லாம் எப்பவோ கரைஞ்சிருக்கும்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

கம்பைத் தண்ணீருக்குள் இறக்கினாள். அடி தட்டுவதற்கு ஒரு சாண் முன்னாலேயே எதிலோ முட்டியது. கல் மாதிரி இருந்தது. கரையாத சோடா அத்தனையும் கீழே போய்ப் பாறையாக இறுகியிருந்தது அவளுக்குத் தெரியாது. ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.

பாறை உடைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கரைய, தண்ணீர் சீறிக்கொண்டு கூரை வரை எழும்பியது. யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. கழுத்திலும் தோளிலும் வழுவழுவென்று ஏதோ இறங்கியது.

அப்போதுதான் திரும்பியிருந்த அண்ணி பையை எறிந்துவிட்டு வந்தாள். தங்கையை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார வைத்து, நனைந்த சட்டையைக் கிழித்து எறிந்தாள். குழாயை முழுக்கத் திறந்தாள்.

அண்ணன் வினிகர் பாட்டிலோடு ஓடிவந்தான்.

"அதை ஊத்தாதீங்க! ரெண்டும் சேர்ந்தா இன்னும் சுடும். தண்ணி மட்டும்தான். போய் ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுங்க!"

கட்டிய நாளிலிருந்து அண்ணி அவனிடம் குரலை உயர்த்தியதில்லை. பாட்டிலோடு மரம் மாதிரி நின்றான். அவள் இன்னொரு முறை கத்திய பிறகுதான் கால் நகர்ந்தது.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பீப்பாய்ப் பக்கம் யாரையும் அண்ணி விடமாட்டாள். அன்றும் தங்கை அதைப் போட்டிருந்ததால் கண் தப்பியது. தோளிலும் கழுத்திலும் புண் ஆழமாக இருந்தது. "உடனே கழுவினதாலதான் இதோட போச்சு" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் தங்கை மெல்லக் கேட்டாள்: "அண்ணி, அது அவ்வளவு அமைதியா இருந்துச்சே... எப்படி?"

அண்ணிக்குப் பதில் தெரியும். நாத்தனாரின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெளியே நடையில் அண்ணன் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். செவிலி வந்து, "உங்க தங்கச்சி கூப்பிடுறாங்க" என்றாள். அண்ணி வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே அழைத்துப் போனாள்.