நார்மல் என்று வந்த கால்

அவள் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸ். அவளுடைய அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கே பிரேக் போட வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்த வருடம் அவள் பிரிவின் டாக்டர் ஒரு புதுக் கணக்கைக் கொண்டுவந்தார். வயது, சர்க்கரை வந்து எத்தனை வருடம், சிகரெட், ரத்த அழுத்தம், கிட்னியின் நிலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். பல வருடமாகச் சர்க்கரை உள்ள அண்ணனின் விவரங்களைப் போட்டுப் பார்த்தாள். மிக அதிகம் என்று வந்தது. கடைத்தெருவில் அவர் கடைக்குக் கடை நின்று வேடிக்கை பார்ப்பது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடந்தால் வரும் கெண்டைக்கால் வலி ஆறும்வரை நிற்க அது ஒரு சாக்கு.

பல நாள் நச்சரித்த பிறகு வந்தார். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். நார்மல்.

"உன் கம்ப்யூட்டர் ஜோசியம் புஸ்ஸுனு போச்சே," என்று சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாள்பட்ட சர்க்கரையில் ரத்தக்குழாயின் சுவர் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிடும், பட்டையால் அதை அமுக்க முடியாது, அதனால் அளவு நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும் என்றார். கால் விரலில் பார்த்தால்தான் தெரியும். அதற்கான கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அண்ணன் வரவில்லை. அவள் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். அண்ணியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். நல்லா இருக்கு என்று சொன்ன டெஸ்ட்டையும் நம்பாவிட்டால் வேறு எதைத்தான் நம்புவது என்று கேட்டாள். அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தங்கையை இன்னும் எரிச்சல்படுத்தியது. கருவி திரும்பி வந்ததும் போன் செய்தாள். வகுப்பு இருக்கிறது என்றார். மறுபடி செய்தாள். எடுக்கவேயில்லை.

பிறகு ஒரு புது ஷூ சுண்டுவிரலைக் கடித்தது. சின்னப் புண்தானே என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தார். புண் ஆறவில்லை, விரல் கறுத்தது. அண்ணிதான் பயந்துபோய் அழைத்து வந்தாள். விரலில் அழுத்தம் இருந்ததாகவே கருவி காட்டவில்லை. குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரித்தார்கள். கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின.

தான் சொன்னதே நடந்ததில் அவளுக்கு ஒரு துளி நிம்மதியும் இல்லை. முன்பே தெரிந்திருந்தும் என்ன செய்ய முடிந்தது என்ற ஆற்றாமைதான் மிச்சம்.

கட்டு மாற்றும்போது அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ அப்பவே என்னை இழுத்துட்டு வந்திருக்கணும்."

"இழுத்தேனே அண்ணா."

"இன்னும் கொஞ்சம் பலமா இழுத்திருக்கணும்."

கையிலிருந்த பஞ்சை அவர் முகத்திலேயே விட்டெறியலாம் போல இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, காயத்தில் வலிக்காதபடி மெதுவாகத் துடைத்தாள்.