என் காலில் நடந்தவர்

என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றுகிறவர். அவருடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் நடக்கும் அடிகளை எண்ணும், கையில் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். டாக்டர்கள் சொல்லும் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறவர் அங்கே நாலில் ஒருவர்கூட இல்லையாம். செய்யாதவர் பெயர் வரவேற்பறைத் திரையில் சிவப்பில் வரும்.

இவரோ பிரிவுத் தலைவர். மானம் போகுமே! தினமும் காலையில் பட்டையை என் கையில் கட்டிவிட்டு, வெறுங்கை தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கிடங்குக்கும் கடைக்கும் மூட்டையோடு படியேறி இறங்குவதுதான் என் பிழைப்பு. கால் வலி எனக்கு, கைதட்டல் அவருக்கு. பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்துத் தொலைப்பேன்.

அப்புறம் அவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நச்சரித்து, அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே இருக்கும் கம்பெனி டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் பட்டையின் கணக்கைக் கணினியில் பார்த்தார். "அடேயப்பா! இவ்வளவு நடக்கிறவருக்கு நெஞ்சுல என்ன வரப்போகுது? வெறும் வாயுதான் சார். மாத்திரை எழுதறேன். நடக்கிறத மட்டும் விட்டுடாதீங்க."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் இவர் என் காலை மிதித்தார். ஏசி ஓடும் அறையில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

இவர் முன்னால் உண்மை வெளியே வராது என்று தெரிந்துபோனது. "நீங்க மேல போய் உங்க பையை எடுத்துட்டு வாங்க. நான் மாத்திரைய வாங்கிடறேன்" என்றேன்.

கதவு மூடியதும் சொன்னேன். "டாக்டர், அதெல்லாம் என் நடை. பட்டை என் கையிலதான் இருந்துச்சு. அவர் நடக்கிறதே இல்ல."

டாக்டர் முகம் வெளிறியது. "ஐயோ, என்னம்மா இது! அவர ஒரு அடிகூட நடக்க விடாதீங்க. ஓடுங்க, உட்கார வைங்க!"

லிஃப்ட் வாசலில் அவருடைய பிரிவு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் எங்கே என்று கேட்டேன்.

"சாரா? லிஃப்ட்ல வாங்கன்னு கூப்பிட்டோம் அண்ணி. எனக்கெதுக்குய்யா லிஃப்ட்டுன்னு சிரிச்சுட்டுப் படியில போயிட்டாரு."

படிக்கட்டில் ஓடினேன். மாடிக்கு மாடி "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நாலாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டு உலுக்கினேன். அவர் திரும்பவில்லை.